மொக்ரோவ் எஜமான் சுகமாக இருக்கிறார்

கிண்ணம் காலியாக இருந்தது.

மாக்னா குனிந்து அதை எடுத்து, சாளரத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒரு பருக்கை இல்லை. ரொட்டித் துண்டால் ஒற்றி ஒற்றித் துடைத்தது போல மரத்தின் உள்பக்கம் பளபளத்தது. மத்தியானம் அவளே கொண்டுவந்து கதவுக்கு உள்ளே தரையில் வைத்துவிட்டுப் போன பார்லிக் கஞ்சி அது. மேலே புகையில் வாட்டிய கெண்டைத் துண்டு ஒன்றும் வைத்திருந்தாள். வழக்கமாகக் காரியக்காரன் ரட்செக் உள்ளே உட்கார்ந்து, நோயாளி தின்றது போலப் பாதியைத் தின்றுவிட்டு, மிச்சத்தோடு வெளியே வருவான். இன்றைக்கு ரட்செக் ஊரில் இல்லை. விடிவதற்கு முன்பே குதிரையேறிப் பட்டணத்துச் சந்தைக்குப் போனவன் இன்னும் திரும்பவில்லை. கஞ்சியை யாருக்கும் தெரியாமல் பின்பக்கத்து அகழியில் கொட்டிவிடலாம் என்றுதான் அவள் மாடியேறி வந்தாள்.

அந்த அறையில் இருந்தது அவள் புருஷன் செஸெமா மட்டும்தான். அவர் நவம்பரில், மார்ட்டின் திருநாளுக்கு முன்பே செத்துப்போயிருந்தார். இப்போது கிறிஸ்துமஸும் கழிந்துவிட்டது.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் எலி எங்கிருந்து வரும்? வடக்குப் பார்த்த அந்த அறையில் முன்பெல்லாம் பன்றித் தொடைகளுக்கு உப்புப் போட்டுத் தொங்கவிடுவார்கள், அடுப்பு கிடையாது, சாளரத்துக்குக் கதவு கிடையாது, ஏரியைத் தடவிக்கொண்டு வரும் காற்று நேராக உள்ளே புகும், சுவர்க் கற்களில் உறைபனி வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். பழைய உப்பின் வாடை, கரியேறிய விட்டத்தின் வாடை, இரண்டுக்கும் அடியில் மதகைத் திறந்தால் வருமே, அந்தச் சேற்றின் வாடை. அறை நடுவில் பலகை. பலகை மேல் கம்பளி. கம்பளிக்கு அடியில் அவர். ஓநாய்த்தோல் அங்கியும் பூட்ஸும் போட்டே கிடத்தியிருந்தார்கள். அவசரத்துக்கு உட்காரவைக்க நேர்ந்தாலும் நேரலாம் என்று ரட்செக் அப்போது சொன்னான்.

கம்பளியின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினாள். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. சாம்பல் நிறம். மூடிய கண். இறுகிய உதடு. தாடியில் மட்டும், உதட்டுக்குச் சற்றுக் கீழே, ஒரு பார்லிப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது.

கிண்ணத்தோடு கீழே இறங்கினாள். கால் தடுமாறாமல் இறங்கியது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. படிக்கட்டின் அடியில் சமையற்காரி டோர்க்கா கையை நீட்டிக் கிண்ணத்தை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அடேயப்பா! ஐயா இன்னைக்கு வழிச்சுல்ல சாப்பிட்டிருக்காரு! இத்தன நாளும் பாதி மிச்சம் வப்பாரே. உடம்பு தேறுதும்மா. நான்தான் சொன்னேன்ல, என் கஞ்சி செத்தவனையும் எழுப்பி உக்கார வைக்கும்னு!"

மாக்னா சிரிக்க முயன்றாள்.

*

ஏரி வடிக்கும் நாளில்தான் அது தொடங்கியது. மீன் பிடிப்பை மேற்பார்க்கப் போன செஸெமா மதகருகே வழுக்கிக் கழுத்தளவு சேற்றுத் தண்ணீரில் விழுந்தார். ஈரத்தோடேயே பொழுது சாயும்வரை கரையில் நின்று வேலை வாங்கினார். ராத்திரி காய்ச்சல் கண்டது. அது இறங்கவேயில்லை.

மொக்ரோவ் பெரிய இடமில்லை. ஒரு கல் கோட்டைவீடு, சுற்றி அகழி, ஒரு மீன் ஏரி, ஒரு தண்ணீர் ஆலை, இரண்டு கிராமத்துக் குடிகள். ஆனாலும் செஸெமா பிரபுதான். குடிகளுக்கு நியாயம் சொல்வதும் தண்டனை கொடுப்பதும் அவர். ராஜா கூப்பிட்டால் கவசம் மாட்டிக்கொண்டு போவதும் அவர். அவருக்கு ஆண் வாரிசு இல்லை. கூட்டுப் பங்காளியும் இல்லை. அப்படி ஒருவர் செத்தால் நிலம், ஏரி, ஆலை எல்லாம் ராஜாவுக்குப் போய்ச் சேரும். ராஜா அதை வைத்துக்கொள்ள மாட்டார். முதலில் வந்து கேட்கிற பிரபுவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் போரெஷ் பிரபு கேட்பதற்கு எப்போதும் தயாராக இருந்தார்.

செஸெமாவின் அக்கா குன்கா கைம்பெண். தம்பி வீட்டோடு இருந்தவள். அவள்தான் வழி சொன்னாள். தன் மகனைத் தம்பிக்குப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ள ராஜாவின் சம்மதம் வாங்கிவிட்டால் சொத்து கைவிட்டுப் போகாது. அதற்குத் தம்பி உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால், இருப்பதாக ஊர் நினைக்க வேண்டும்.

கடைசி ராத்திரி அவர் பாதிரியாரைக் கேட்டார். கட்டில் சட்டத்தை விரலால் தட்டித் தட்டிக் கேட்டார். "சாமியாரக் கூப்பிடு, மாக்னா. பாவசங்கீர்த்தனம் பண்ணணும். கூப்பிடு."

மாக்னா கதவுவரை ஓடினாள். குன்கா குறுக்கே நின்றாள்.

"எங்கடி போற? சாகறவனுக்கு எண்ணெ பூச சாமியார் வந்தாருன்னா விடியறதுக்குள்ள போரெஷுக்குத் தெரிஞ்சிடும். நாளன்னைக்கு அவன் ராஜா வாசல்ல நிப்பான். உன் சீதனத்த எங்கயாவது பதிஞ்சு வச்சானா உன் புருஷன்? இல்லல்ல? கட்டின துணியோட ரோட்டுல நிப்ப. போணும்னா போ."

"அவரு கேக்கறாரே அண்ணி..."

"நான் விலகிக்கறேன். போ."

குன்கா விலகியே நின்றாள். மாக்னா தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். இரும்பு சில்லென்று இருந்தது. பின்னால் கட்டில் சட்டத்தில் தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விடியும்போது அது நின்றது. அவள் கை அப்போதும் தாழ்ப்பாளில்தான் இருந்தது.

மறுநாளே குன்கா மகனோடு ராஜா இருக்கும் பிராகுக்குப் புறப்பட்டுப் போனாள். காய்ச்சல் தொற்றிக்கொள்ளும், எஜமான் அறைப் பக்கம் யாரும் வரக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்தார்கள்.

*

ரட்செக் இருட்டும் நேரத்துக்குத் திரும்பினான். கிண்ணத்தைப் பற்றிக் கேட்டதும் தாடையைச் சொறிந்துகொண்டு சிரித்தான்.

"டோர்க்கா தின்னிருப்பா. அந்தப் பொம்பள வயிறு உங்களுக்குத் தெரியாதா? செத்தவருக்கு எங்கம்மா பசிக்கும்?"

"தாடியில பருக்க இருந்துச்சு."

"கம்பளி உதறும்போது ஒட்டியிருக்கும். விடுங்கம்மா. இன்னும் கொஞ்ச நாள். ஐயாவோட அக்கா வந்துருவாங்க."

அவன் குரலில் தயக்கமே இல்லை. அதுவே அவளை உறுத்தியது. இந்த வேஷம் ரட்செக்குக்குப் பிடித்துப்போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயில் கூட்டம் கலையும் நேரத்தில் அவன் எஜமானின் அங்கியைப் போர்த்திக்கொண்டு மாடிச் சாளரத்தில் உட்காருவான். கீழே பாதையில் குடியானவர்கள் தொப்பியைக் கழற்றிக் குனிந்து போவார்கள். வழக்கோடு யாராவது வந்தால் மூடிய கதவுக்குப் பின்னால் நின்று எஜமான் குரலில் நியாயம் சொல்வான். அந்த இழுவையும், வார்த்தைக்கு நடுவில் வரும் அந்தச் செருமலும் அப்படியே இருக்கும். முதல் தடவை கேட்டபோது மாக்னா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பனி மட்டும் கொட்டியது. அகழியின் ஓரம் மறைந்தது, பாதை மறைந்தது, வேலிகள் மறைந்தன.

பிறகு ஒரு காலை ஆலைக்காரன் வாவ்ராவின் பெண்சாதி வாசலில் வந்து நின்றாள். முழங்கால்வரை பனி. அழுதிருந்தாள், ஆனால் அப்போது அழவில்லை.

"அம்மா, எஜமான்கிட்ட ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க. பொணத்த எடுத்துக்கலாமான்னு."

"எந்தப் பொணம்?"

"எங்க வீட்டுக்காரரும்மா. ஆலக் கால்வாயில ஐஸுக்கு அடியில கெடக்காரு. ஐயா உத்தரவு இல்லாம எப்படி எடுக்கறது?"

மாக்னாவுக்குப் புரியவில்லை. அவளை உள்ளே இழுத்து அடுப்பருகே உட்காரவைத்து மறுபடி கேட்டாள்.

"நேத்து பொழுது சாயறப்ப எஜமான் ஆலைக்கு வந்தாரு. நடந்தேதான் வந்தாரு. 'மதகத் தொறந்து என் ஏரித் தண்ணிய எடுத்தியா?'ன்னு கேட்டாரு. எடுத்தது நெசந்தாம்மா. பொய் சொல்ல முடியுமா? ஆமாங்கன்னாரு இவரு. 'எறங்கு'ன்னாரு ஐயா. எறங்கிட்டாரு."

"தானாவா எறங்கினாரு? அந்தக் குளிர்லயா? நீ தடுக்கலையா?"

அந்தப் பெண் கேள்வியே விளங்காதவள் போலப் பார்த்தாள். "எஜமான் சொன்னாரேம்மா."

"அது எஜமான்தானா? முகத்தப் பாத்தியா?"

"முகத்த நாங்க என்னைக்கும்மா பாத்திருக்கோம்? தலையக் குனிஞ்சுக்கிட்டுத்தான நிப்போம். பூட்ஸப் பாத்தேன். அங்கியப் பாத்தேன். குரலு ஐயா குரலு. இவரு மூச்சு அடங்கறமட்டும் கரையிலயே நின்னு பாத்துக்கிட்டிருந்துட்டு, திரும்பி ஏரிக்கரை வழியா நடந்து போயிட்டாரு."

பிணத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி மாக்னா அவளை அனுப்பினாள். போகும்போது அவள் மண்டியிட்டு மாக்னாவின் பாவாடை ஓரத்தை முத்தமிட்டாள். எஜமான் குணமானதில் ஊருக்கே சந்தோஷம் என்றாள். அதை மனதாரத்தான் சொன்னாள்.

*

"கொல பண்ணிட்டு வந்து நிக்கறியா?"

லாயத்தில் ரட்செக்கைப் பிடித்துவிட்டாள். அவன் கையிலிருந்த சேணம் கீழே விழுந்தது.

"என்னம்மா சொல்றீங்க?"

"அங்கியப் போட்டுக்கிட்டு ஆலைக்குப் போனவன் யாரு? அந்தக் குரலு யாருக்கு வரும் இந்த ஊர்ல?"

"நான் போகலம்மா. நேத்து சாயங்காலம் பூரா கொட்டில்ல மாடு கன்னு போடுதுன்னு நின்னேன். நாலு பேரு பாத்திருக்காங்க. என் பிள்ளைங்க மேல சத்தியம்மா." அவன் முகத்தில் அந்தச் சிரிப்பு முதல்முறையாக இல்லை. மாக்னாவுக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் பிடித்தது. அவன்தான் செய்தான் என்று இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்தார்கள். பலகை, கம்பளி, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. ரட்செக் கால் பக்கத்துக் கம்பளியை விலக்கினான்.

பூட்ஸ் ஈரமாக இருந்தது.

தண்ணீர் வைத்தால் கட்டையாக உறைந்துபோகும் அந்த அறையில் பூட்ஸின் தோல் கறுத்து, ஊறி, மெதுவாகச் சொட்டிக்கொண்டிருந்தது. குதிகாலில் ஏரிப்பாசி. பச்சைப் பசேலென்று. அந்த மாதத்தில் ஏரியில் பச்சை எங்கே இருக்கிறது?

"எவனோ கழட்டிப் போட்டுக்கிட்டுப் போயிட்டு மறுபடி மாட்டி வச்சிருக்கான்," என்றான் ரட்செக். சொல்லிவிட்டு ஒரு பூட்ஸைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. காலும் தோலும் ஒன்றாக இறுகிப்போயிருந்தன. பலகையே நகர்ந்தது, பூட்ஸ் வரவில்லை. அவன் கையை எடுத்துக்கொண்டான். விரல்களை உடையில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"புதைச்சிடலாம் ரட்செக். இன்னைக்கே. சாமியாரக் கூப்பிட்டுச் சொல்லிடலாம்."

"இன்னைக்கு எப்படிம்மா முடியும்? இன்னும் சில நாள்ல வர்ற மெழுகுவர்த்தித் திருநாளுக்குக் குடிங்க எல்லாம் கூடத்துக்கு வருவாங்க. எஜமான் கையத் தொட்டு அந்த வருசத்துக்கு வாக்குக் குடுக்கணும். அன்னைக்கு அவரு உக்காரலைன்னா போரெஷ் சும்மா இருப்பாரா? சாட்சியா நானும் வர்றேன்னு ஆள் விட்டிருக்காரு. அந்த ஒரு நாள நான் ஓட்டிடறேன். கூடத்த இருட்டா வச்சு, போரெஷத் தூரமா உக்காரவச்சு, இருமிக்கிட்டே ஓட்டிடறேன். அன்னைக்கு ராத்திரியே புதைச்சிடலாம். அக்கா வந்தாலும் சரி, வராட்டியும் சரி."

சொல்லிவிட்டுக் கதவுக்கு இன்னொரு பூட்டும் போட்டான்.

அதற்குப் பிறகு மாக்னா தூங்கியதெல்லாம் தூக்கம் இல்லை. அவள் அறைக்கு நேர் மேலே இருந்தது அந்த அறை. விறகு வெடிக்கும் சத்தம், பனி கூரையிலிருந்து சரியும் சத்தம், காற்றில் எங்கோ ஒரு சங்கிலி ஆடும் சத்தம், இவற்றுக்கிடையில் ஒரு பலகை மெல்ல முனகும் சத்தம். படுத்திருப்பவர் எழுந்து உட்கார்ந்தால் பலகை எப்படி முனகுமோ அப்படி. பிறகு நிசப்தம். பிறகு ஈரத்தோல் தரையில் ஊன்றும் சத்தம். கதவுப் பக்கம் நடக்கவில்லை. சாளரத்துப் பக்கம் நடந்தது. அந்தச் சாளரத்துக்குக் கதவு இல்லை என்பது அவளுக்கு நினைவுவந்தது. காதைப் பொத்திக்கொண்டாள்.

பகலில் செய்திகள் வந்தன. எஜமான் கொட்டில் பக்கம் வந்து நின்றாராம். எல்லைக்கல்லை நகர்த்திய ஒருவன் வீட்டு முற்றத்தில் விடியும்வரை நின்றாராம். காலையில் அவனே கல்லைத் தூக்கிப்போய்ப் பழைய இடத்தில் நட்டுவிட்டு, பனியிலேயே படுத்து உயிரை விட்டுவிட்டானாம். ஊரில் திருட்டு இல்லை. சண்டை இல்லை. குடியானவர்கள் ஒருவருக்கொருவர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

"முன்னைய விட இப்பத்தாம்மா ஐயா எல்லாத்தையும் கவனிக்கறாரு," என்றாள் டோர்க்கா, மாவு பிசைந்தபடி. "என்ன, கொஞ்சம் வாடை. ஏரியிலயே கெடப்பாரு போல. குளிக்கத் தண்ணி போடவாம்மா?"

தப்பித்துப் போகலாம் என்று மாக்னா ஒரு நாள் குதிரையைக் கேட்டாள். வெளிக்கதவைத் திறந்தபோது பனி நெஞ்சளவு நின்றது. குதிரை ஒரு அடி வைத்துவிட்டுப் பின்வாங்கியது. குன்காவும் வரவில்லை, ஆளும் வரவில்லை. ஏரிக்கரையில் மட்டும், ஆளே நடக்க முடியாத அந்தப் பனியில், ஒற்றைத் தடம் ஓடியது.

*

மெழுகுவர்த்தித் திருநாள் அன்று விடியும்போதே குடிகள் பனியை வெட்டி வழி செய்துகொண்டு வந்துவிட்டார்கள். கூடத்தில் சாளரங்களை மூடி, கணப்பில் கொஞ்சம் விறகு மட்டும் போடச் சொல்லியிருந்தான் ரட்செக். எஜமான் நாற்காலி மேடையின் கடைசியில், நிழலில். பக்கத்தில் மாக்னாவின் நாற்காலி.

வேஷம் கட்ட ரட்செக் மாடிக்குப் போனான். அங்கியைப் பிணத்தின் மேலிருந்துதான் கழற்ற வேண்டும். போகும்போது அவளிடம், "நீங்க வராதீங்கம்மா, கதவுகிட்ட நில்லுங்க," என்றான்.

அவள் படியின் மேல்முனையில் நின்றாள். பூட்டுகள் திறந்தன. கதவு சாத்திக்கொண்டது. சற்று நேரத்தில் உள்ளே பேச்சுக் கேட்டது.

முதலில் ரட்செக்கின் சொந்தக் குரல். தாழ்ந்து, வேகமாக, கெஞ்சுவது போல. பிறகு எஜமான் குரல். இழுவை. செருமல். மறுபடி ரட்செக். மறுபடி எஜமான். ஒத்திகை பார்க்கிறான் என்று நினைத்தாள். எப்போதும் பார்ப்பான். ஆனால் இரண்டு குரலையும் மாற்றி மாற்றிப் பேசி அவள் கேட்டதில்லை.

ஒரு கணம் இரண்டு குரல்களும் ஒரே சமயத்தில் கேட்டன.

பிறகு எதுவும் இல்லை.

"ரட்செக்?"

வாசலில் குதிரைகள் கனைத்தன. போரெஷின் பெரிய சிரிப்பு முற்றத்தைத் தாண்டி வந்தது. "எங்க என் சேக்காளி? உசுரோட இருக்கானா, இல்ல மெழுகுல செஞ்சு வச்சிருக்கீங்களா?" கூட வந்தவர்கள் சிரித்தார்கள். கூடத்துக் கதவு திறந்தது. பெஞ்சுகள் உரசின. எல்லாரும் எழுந்திருக்கிற சத்தம்.

கீழே கூடத்திலிருந்து அந்த இழுவைக் குரல் கேட்டது. "வா, போரெஷ். உக்காரு."

மாக்னா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். நிம்மதியில்தான். அவள் முற்றத்துச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நடையின் மறுகோடியில் சேவகர்களுக்கான பின்படி வழியாக ரட்செக் இறங்கிப் போய்விட்டான். மேடையில் உட்கார்ந்துவிட்டான். கெட்டிக்காரன். இனி அவளும் இறங்கி அவன் பக்கத்தில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் குழி வெட்டலாம். போவதற்கு முன் கதவைப் பூட்டிவிட வேண்டும் என்று கையை நீட்டினாள்.

கதவு இப்போது சாத்தியிருக்கவில்லை. இடுக்கில் பலகை தெரிந்தது. பலகையில் கம்பளி, மேடாக, ஆள் படுத்திருப்பது போல. கம்பளிக்கு வெளியே ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் காலில் பூட்ஸ் இல்லை. சாம்பல் நிறத் தோல் செருப்பு. குளிருக்கு உள்ளே வைக்கோல் திணித்தது. ரட்செக்கின் செருப்பு.

கம்பளியை விலக்கினாள்.

ரட்செக் கையை மார்பில் கட்டியபடி ஒழுங்காகப் படுத்திருந்தான். யாரோ பொறுமையாகக் கிடத்தியது போல. இமைமயிரில் உறைபனி. இப்போதுதான் உள்ளே போனான். பல நாள் அங்கேயே கிடந்தவன் போல இருந்தான்.

கீழே அந்தக் குரல் பேசிக்கொண்டிருந்தது.

"அம்மா!" டோர்க்கா படியேறி வந்து, மூச்சு வாங்க, முகமெல்லாம் மலர்ச்சியாக நின்றாள். "இங்கயா நிக்கறீங்க? ஐயா கூப்பிடறாரு. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. பக்கத்து நாற்காலி காலியா கெடந்தா நல்லாவா இருக்கு?"

"டோர்க்கா. அது யாரு? கீழ?"

"யாருன்னா? நம்ம எஜமான்தான்."

டோர்க்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மாவு பிசைந்த சூடான கை. மாக்னா அதை விடாமல் பிடித்துக்கொண்டு இறங்கினாள். ஒவ்வொரு படியிலும் சேற்றின் வாடை அடர்ந்தது.

கூடம் நிறைந்திருந்தது. அத்தனை தலைகளும் குனிந்திருந்தன. குளிரில் ஒவ்வொரு வாயிலிருந்தும் வெள்ளையாக மூச்சு எழுந்து விட்டத்துப் பக்கம் போயிற்று. மேடையில் ஓநாய்த்தோல் அங்கி. வலப்பக்கத்து பெஞ்சில் போரெஷ். அவர் மட்டும் நிமிர்ந்து அந்த முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுபோயிருந்தது. கன்னத்தில் கண்ணீர் கோடாக இறங்கி, தாடியருகே உறைந்திருந்தது.

"வா, மாக்னா."

அவள் பார்த்தாள். அவர் உதடுகள் அசையவில்லை. மூடித்தான் இருந்தன. குரல் கூடத்திலிருந்தே வந்தது, கல்லிலிருந்து, தரைக்கு அடியிலிருந்து.

போய் உட்கார்ந்தாள். வேறென்ன செய்வது. பக்கத்தில் சொட்டும் சத்தம்.

குடிகள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். ஆலைக்காரன் பெண்சாதிதான் முதலில். தலையைத் தூக்காமல் மேடையேறி, மண்டியிட்டு, அந்தக் கையைத் தன் இரண்டு கையாலும் எடுத்து முத்தமிட்டாள். "இந்த வருசமும் உங்களுக்கே," என்றாள். எழுந்தாள். தன் இடத்துக்குப் போய் நின்றாள்.

அவள் வாயில் மூச்சு எழவில்லை.

மாக்னா உற்றுப் பார்த்தாள். அந்தப் பெண் நின்றுகொண்டுதான் இருந்தாள். கண் திறந்திருந்தது. உதட்டில் ஒரு சின்னப் பணிவு. சுற்றிலும் எல்லார் வாயிலும் வெள்ளைப் புகை. அவளிடத்தில் இல்லை. மாக்னா போரெஷின் பக்கம் திரும்பினாள். அவர் தாடிக்கு முன்னாலும் ஒன்றுமில்லை. எப்போதிலிருந்து?

இரண்டாவது ஆள். முத்தமிட்டான், எழுந்தான், போனான். புகை நின்றது. மூன்றாவது. ஒரு கிழவன். ஒரு தாயும் அவள் இடுப்புக் குழந்தையும். குழந்தையின் விரலை எடுத்து அவளே அந்தக் கையில் வைத்தாள். கத்த வேண்டும் என்று மாக்னாவுக்குத் தோன்றியது. வாயைத் திறந்தாள். அவளுடைய மூச்சு மட்டும் வெளியே வந்தது.

வரிசை நகர்ந்தது. யாரும் தயங்கவில்லை. யாரும் தலை தூக்கவில்லை. கூடத்தின் பின்பக்கத்திலிருந்து வெண்மை குறைந்துகொண்டே வந்தது, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைப்பது போல. கடைசியில் டோர்க்கா. மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மாக்னாவைப் பார்த்து ஒருமுறை சிரித்தாள். குனிந்தாள்.

பிறகு அவளும் போய் வரிசையில் நின்றாள்.

கூடம் நிறைய ஆட்கள். அசைவில்லை. இருமல் இல்லை. அந்தக் குளிரில் ஒரே ஒரு வாயிலிருந்து மட்டும் மூச்சு வெள்ளையாக எழுந்து, கலைந்து, மறுபடி எழுந்தது, வேகமாக, இன்னும் வேகமாக. நாற்காலியின் கைப்பிடி வழியாக ஈரமான ஒரு கை மெல்ல ஊர்ந்து வந்து, உள்ளங்கை கீழாக, முத்தத்துக்குக் காத்திருப்பது போல, அவள் மடியில் அமர்ந்தது. அத்தனை தலைகளும் முதல்முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தன.